பொம்மசந்திராவிலிருந்து ஆஸ்டின் டவுன்: தங்கை தேய்த்துக்கொண்ட கை

திவ்யாவின் முழங்கையில் ஒரு பச்சை நார் ஒட்டியிருந்தது. பாத்திரம் தேய்க்கும் ஸ்க்ரப்பரின் நார். ஞாயிறு காலை 9.10க்கு பொம்மசந்திராவில் பேருந்து ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். சட்டைக் கையை மேலே தள்ளினேன். தோல் சிவந்து, இரண்டு இடத்தில் இரத்தம் கசிந்திருந்தது.

திவ்யா என் தங்கை, ஏழு வயது. ஆஸ்டின் டவுனில் இருக்கும் பெரியம்மா மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். அம்மாவுக்கு ஞாயிறும் கம்பெனி ஷிப்ட். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டிலிருக்கும் நான்தான் கூட்டிப் போகவேண்டும்.

“ஆதார் தமிழ்நாடா? அப்போ டிக்கெட் எடும்மா” என்றார் கண்டக்டர். கர்நாடக முகவரி இருந்தால்தான் பெண்களுக்கு இலவசம். எனக்கு முப்பது ரூபாய், அவளுக்கு அரை டிக்கெட் பதினைந்து. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

“ஏன்டி இப்படித் தேய்ச்ச?” அவள் காதோடு கேட்டேன்.

“டீ குடிச்சா கறுத்துடுவேன்னு போன மாசம் நீதானேக்கா சொன்ன? பக்கத்து வீட்டு ஆன்ட்டி தினம் குடுத்தாங்க. நான் குடிச்சிட்டேன். பெரிம்மா மறுபடி கருப்பின்னு கூப்பிடுவாங்க.”

சொன்னது நான்தான். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் டீ கேட்கும் பிள்ளைகளிடம் சொல்வது. சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் வண்டி நாற்பது நிமிடம் நின்றது. யாருக்காவது கேட்டுவிடுமோ என்று பயந்துகொண்டே பேசினேன்.

“அது பொய்டி. எல்லார் தோலுக்குள்ளயும் ஒரு கலர் இருக்கு. தலைமுறை தலைமுறையா வெயில் ஜாஸ்தி இருக்கிற ஊர்ல வாழ்றவங்களுக்கு அது நிறைய இருக்கும். வெயில் உள்ள போய்க் கெடுக்காம தடுக்கும்.”

“குடை மாதிரியா? அப்போ அம்மா ஏன் வெள்ளையா இருக்காங்க?”

“அம்மாகிட்டயிருந்து கொஞ்சம், அப்பாகிட்டயிருந்து கொஞ்சம் வரும். நமக்கு அப்பா பக்கம் தூக்கலா வந்துடுச்சு. தேய்ச்சா புண்ணுதான் ஆகும், கலர் போகாது.”

“அப்போ டீ குடிக்கலாமா?”

“கூடாது. ராத்திரி தூங்கமாட்ட.”

முன் சீட்டிலிருந்த பெண்மணி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

10.50க்கு சாந்திநகரில் இறங்கினோம். மருந்துக் கடையில் களிம்பு வாங்கி, காயத்தைக் கழுவித் தடவினேன். பிள்ளைகளோடு வருபவர்கள் தண்ணீர் பாட்டிலும் சுத்தமான துணியும் எடுத்து வாருங்கள். ஆட்டோ எழுபது ரூபாய். வழியெல்லாம் அவள் களிம்பு தடவிய கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் சொன்ன பொய்யை ஒரு மாதம் நம்பியவள், இந்த உண்மையை அந்த வாசல் வரையாவது நம்புவாளா? நாளைக்கும் ஸ்க்ரப்பரை எடுத்தால்?

பெரியம்மா கதவைத் திறந்தார். “வாங்கடி! என்ன, சின்னவ இன்னும் கறுத்துட்டா?”

திவ்யா கையைப் பின்னால் மறைத்தாள். பெரியவர்களிடம் நான் எதிர்த்துப் பேசியதே இல்லை. அவள் தோளில் கை வைத்தேன்.

“அவ கறுக்கல பெரிம்மா. அவ கலரே அதுதான். இனிமே அவளை அப்படிச் சொல்லாதீங்க” என்றேன்.