இருபது மில்லிச் சுவர்

சுடலைக்கண்ணனுக்கு உட்கார வராது. மும்பை மான்குர்த்தில் ஏறும்போது ரயிலில் இருக்கை காலியாகக் கிடந்தாலும் கதவோரம் நின்றேதான் வருவார். வீட்டில் சோற்றுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நடப்பார். "ஒக்காந்து தின்னா செமிக்காதோ?" என்று மனைவி மாரீஸ்வரி கேட்பாள். அதற்கும் நடந்துகொண்டேதான் தலையாட்டுவார்.

தாராவியில் ஒரு மாடியில் அவருடைய பட்டறை. ஒன்பதடி அகலம். தோல் பைகளில் கரையும் பூவும் பெயரும் பதிக்கிற பித்தளை அச்சுத் தகடுகளை வெட்டிக் கொடுப்பது தொழில். அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் இன்னொருவர் பட்டறையில் உலோகம் செதுக்கும் மில்லிங் மெஷினின் கைச்சக்கரம் சுற்றியவர். அணுசக்தி நகரில் ஓய்வுபெற்ற டெக்னீஷியன் ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது, மேசைமேல் வைக்கிற அளவிலான சின்ன மில்லிங் மெஷின் ஒன்றை அவரிடம் வாங்கினார். இந்தி வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கைச்சக்கரங்களைக் கழற்றினார். மோட்டார்களைத் தப்பாகப் பூட்டி, பிரித்து, சரியாகப் பூட்டினார். ஒரு வருஷத்தில் அது கம்ப்யூட்டர் சொன்னபடி ஓடும் சி.என்.சி. மெஷின் ஆகிவிட்டது.

ஒரே ஒரு குறை. தகட்டைத் தாங்கி நகரும் டேபிள் இடமும் வலமுமாக இருநூற்று நாற்பது மில்லிமீட்டர்தான் ஓடும். அதற்கு மேல் நீளமான தகடு வந்தால் பாதி வெட்டி, தகட்டை நகர்த்தி, மறுபடி இறுக்கி, மீதியை வெட்ட வேண்டும்.

அப்படி வெட்டிய தகடு ஒன்றை அப்துல் ஹாதி திருப்பிக் கொண்டுவந்தார். பெண்களுக்கான பெரிய பை செய்கிறவர், கடையநல்லூர்க்காரர். பதித்த தோலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நடுவில் கட்டைவிரலை ஓட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. தலைமுடி போல ஒரு கோடு.

"இது என்ன வே, பைக்கு ஆபரேஷன் பண்ணுன தழும்பா?"

"ரெண்டு தடவையா வெட்டுனது பாய். சேர்ற எடம்."

"சேர்ற எடம் எனக்குத் தெரியக்கூடாது. முந்நூத்திப் பத்து மில்லி, ஒரே வெட்டு. சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். இல்லேன்னா என் தகடு மொத்தமும் வடாலாவுல பெரிய மெஷின்காரனுக்குப் போயிரும். அவன்ட்ட பேசியாச்சு. கோவிச்சுக்கப்படாது."

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? பட்டறைக்கு வரும் வேலையில் முக்கால்வாசி ஹாதி பாயுடையது.

டேபிளின் இரண்டு முனையிலும், அதை நகர்த்தும் ஸ்க்ரூவைத் தாங்கும் தகடு உண்டு. அந்தத் தகடுகள் கீழே இருக்கும் சேடில் என்கிற பீடத்தில் இடிப்பதால்தான் ஓட்டம் நிற்கிறது. இரண்டு பக்கமும் நாற்பது மில்லி அலுமினியக் கட்டை வைத்துத் தகடுகளை வெளியே தள்ளி, நீளமான ஸ்க்ரூ போட்டால் ஓட்டம் எண்பது கூடும். முந்நூற்று இருபது. பாயின் முந்நூற்றுப் பத்துக்குப் போதும். ஆனால் கடைசி நாற்பது மில்லியில் டேபிள் சேடிலை விட்டு வெளியே தொங்கும், தொங்கினால் சாயும். அந்தச் சாய்வுதான் அவருடைய கவலை. புதன்கிழமை முழுக்க, துளி அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்துக்கொண்டு, டேபிளை அதன் தடத்தில் அழுத்திப் பிடிக்கும் பட்டையை இறுக்குவதும் தளர்த்துவதுமாக இருந்தார். ரொம்ப இறுக்கினால் மோட்டார் திணறியது. தளர்த்தினால் டேபிள் இடப்பக்கம் தொங்கும்போது வலது ஓரம் மேலே எழும்பியது. ஒரு மில்லியில் நூறில் மூன்று பங்காக இருந்த எழும்பலை ஒரு பங்குக்குக் கொண்டுவந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம், கத்தி இல்லாமல் முழு ஓட்டம் விட்டுப் பார்த்தார். கண் டயல் முள்ளைவிட்டு அகலவில்லை. டேபிள் இடப்பக்கம் போனது, போனது. திடீரென்று முள் ஒரு சுற்றுச் சுற்றியது. மோட்டார் கிர்ரென்று உறுமியது. சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் உருண்டது.

"ஏ சொடலை! செவத்த இடிச்சு இங்கன வரப்போறியாடே?" என்று பக்கத்து அறை விஜயராணி கத்தினாள்.

சுவிட்சை அணைத்தார். டேபிளின் இட முனையில் இருந்த மோட்டார் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

அளந்து பார்த்தபோது முகம் சூடானது. சுவருக்கும் மோட்டாருக்கும் நடுவே அறுபது மில்லி இடம் இருந்தது. டேபிள் நாற்பது கூடுதலாகப் போகும், இருபது மிஞ்சும் என்று கணக்குப் போட்டிருந்தார். அலுமினியக் கட்டை மோட்டாரையே ஏற்கெனவே நாற்பது வெளியே தள்ளிவிட்டதை மறந்துபோனார். வேண்டியது எண்பது. இருபது மில்லி குறைந்தது. நூறில் ஒன்றைத் தேடிப்பிடித்த மனிதருக்குச் சுவர் கண்ணில் படவில்லை.

மெஷினை வலப்பக்கம் நகர்த்தலாமென்றால் அங்கே இரும்புத் தூண். திருப்பி வைத்தால் ஏணி இறங்கும் ஓட்டைக்கு மேல் நின்றுதான் வேலை செய்ய வேண்டும். மோட்டாரை டேபிளுக்கு அடியில் மடக்கி பெல்ட் போடலாம்; அதற்கு நாலு நாள் வேண்டும். பட்டறைக்குள் சுவருக்கும் ஏணிக்குமாகப் பத்து நடை நடந்தார். மிச்சம் இருந்தது சுவர்தான். நாலரை அங்குலப் பொதுச் சுவர். சொல்லாமல் ஓர் ஆணிகூட அதில் யாரும் அடிப்பதில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் விஜயராணியின் இட்லி அறை. விடியுமுன் அவித்து, ஆறு மணிக்குத் தூக்குகளோடு மாட்டுங்காவுக்குப் போய், மதியம் திரும்பிவந்து ஒன்றிலிருந்து நாலு வரை தூங்குவாள். அந்த நேரத்தில் மெஷின் ஓடக்கூடாது என்பது ஆறு வருஷ ஒப்பந்தம்.

"யக்கா, செவத்துல ஒரு சாண் அகலத்துக்கு நாப்பது மில்லி கொத்திக்கிடணும்."

"நாப்பது மில்லின்னா எவ்வளவு? என் பாஷையில சொல்லு."

அவர் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார்.

"அந்த எடத்துலதான என் பலகை தொங்குது. பானை சட்டி எல்லாத்தையும் ஒன் தலையிலயா வைக்க?"

"பலகைய நானே தள்ளி மாட்டித் தாறேன்க்கா."

"செய்யி. ஆனா ஒரு மணிக்கு மெஷின் நின்னுரணும். ஒன் டகடகவுல கண்ணு சொக்குமாடே எனக்கு?"

ஒரு தகடு வெட்ட ஏழு மணி நேரம். நடுவில் நிறுத்தினால் நிறுத்திய இடத்தில் வடு விழும். கோடு போலவேதான் தோலில் தெரியும். ஆறு மணிக்குத் தொடங்கினால் ஒன்று. சரியாக வருகிறது என்று தலையாட்டினார். வெள்ளிக்கிழமை பலகையைத் தள்ளி மாட்டிச் சுவரைக் கொத்தினார். ஓடவிட்டபோது மோட்டார் அந்தக் குழிக்குள் போய்த் தொடாமல் திரும்பியது.

சனிக்கிழமை காலை சரியாக ஆறுக்குக் கத்தி பித்தளையில் இறங்கியது. ஏழு மணி நேரமும் அவர் நின்றார், பொடியைத் தூரிகையால் தள்ளினார், எண்ணெய் விட்டார், மோட்டாரைத் தொட்டுச் சூடு பார்த்தார். டீ ஆறிப்போனது. பழைய கோடு விழுந்த நடு இடத்தைக் கத்தி கடந்தபோது மூச்சை அடக்கிக்கொண்டார். வலது ஓரத்துக்கு வந்ததும் மோட்டார் குரல் கனத்தது. பட்டையின் இறுக்கம். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார். திணறல் அடங்கியது. நேரம்தான் நீண்டது.

பன்னிரண்டேமுக்காலுக்கு அந்தப் பக்கம் தூக்குகள் தரையில் வைக்கப்படும் சத்தம். படுக்கைப் பாய் உதறும் சத்தம். ஒரு மணி. திரையில் இன்னும் இருபத்திரண்டு நிமிஷம். நிறுத்தும் பொத்தான்மேல் விரலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

சுவரில் இரண்டு தட்டு விழுந்தது.

"இன்னும் எவ்வளவுடே?"

"இருவத்திரண்டு நிமிஷம்க்கா. இப்ப நிறுத்துனா தகடு போச்சு."

அவர் விரல் அங்கேயே இருந்தது.

"அந்த இருவத்திரண்ட ஓட்டித் தொலை. நாளைக்கு அந்த இருவத்திரண்டையும் சேத்துத் தூங்குவேன். மூச்சு காட்டக்கூடாது."

சாயங்காலம் ஹாதி பாயின் பிரஸ்ஸில் தகட்டைச் சூடாக்கித் தோலில் அழுத்தினார்கள். பாய் தோலை வெளிச்சத்தில் பிடித்து, இடது ஓரத்திலிருந்து கட்டைவிரலை ஓட்டினார். விரல் நடுவைத் தாண்டியது. எங்கும் நிற்காமல் வலது ஓரம் வரை போய்விட்டது. திரும்பி ஒருமுறை வந்தது.

"கோடு இல்ல வே."

"இல்ல."

"வடாலாக்காரன்ட்ட வேண்டாம்னு சொல்லிருதேன்."

சுடலைக்கண்ணன் தோலை வாங்கி வலது ஓரத்தைத் தடவினார். "பாய், இங்கன பாருங்க. கடைசிப் பூ கொஞ்சம் ஆழம் கூட. நூறுல ஒண்ணு, ஒண்ணரை இருக்கும்."

பாய் குனிந்து பார்த்தார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "எனக்குத் தெரியல."

"எனக்குத் தெரியுது. திங்கக்கிழமை வரைக்கும் குடுங்க. பட்டைய இன்னொரு தடவை பாத்து, வேற தகடு வெட்டி..."

"மாட்டேன்" என்றார் பாய். தகட்டைச் செய்தித்தாளில் சுற்றி இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். "இது ஒங்கிட்ட இருந்தா நீயும் தூங்க மாட்ட, ஒம்பொண்டாட்டியையும் தூங்க விடமாட்ட. போயி ஒக்காந்து சோறு தின்னு."

சாவி பாயின் சட்டைப் பைக்குள் போனது. சுடலைக்கண்ணன் நின்றபடியே தோலின் வலது ஓரத்தை இன்னொரு முறை தடவிக்கொண்டிருந்தார்.