பிளாட்டிபஸ் இருக்கும் ஓடையை என்னிடம் கேட்காதீர்கள்

மெல்பேர்னில் டண்டினொங் பக்கத்துக் கலியாண மண்டபங்களில் கமராவோடு என்னைக் கண்டால் சனம் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணை, அந்த பிளாட்டிபஸ் படம் எங்க எடுத்தனீங்கள்?" என்பதுதான். சொல்லமாட்டேன். தலைக்கனம் பிடித்தவன் என்று பின்னால் கதைக்கிறார்கள். கதைக்கட்டும். ஒருமுறை வாயைத் திறந்து கெட்டவன் நான். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் அதே பிழையை விடக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். எழுதும்போதும் கோபம் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. பத்து விநாடி

இருபது வருடமாகக் கலியாணம், சாமத்தியவீடு, அரங்கேற்றம் என்று படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான். மெல்பேர்னுக்கு வெளியே ஒரு ஓடையைத் துப்புரவாக்கும் தொண்டர் குழுவை மார்கரெட் என்ற ஓய்வுபெற்ற ரீச்சர் நடத்திவந்தார். முட்டையிட்டுக் குஞ்சுக்குப் பால் கொடுக்கிற அந்த அபூர்வப் பிராணி, பிளாட்டிபஸ், தங்கள் ஓடையில் இன்னும் வாழ்கிறது என்று காட்ட ஒரு நல்ல படம் வேண்டும் என்று என்னைக் கேட்டார்.

முதல் ஒன்பது விடியல்களில் கிடைத்தது நுளம்புக்கடி மட்டும். பத்தாம் நாள் வாத்துச் சொண்டோடு ஒரு தலை தண்ணீருக்கு மேல் வந்தது. தாலி கட்டும் நேரம் முன்னால் பாய்ந்து இடம் பிடித்துப் பழகிய கால் சும்மா நிற்குமா? பாய்ந்தேன். வெறும் தண்ணீர்தான் படத்தில் விழுந்தது. மார்கரெட் நன்றாகத் திட்டினார். "அது மேலே இருக்கும்போது மூச்சுக்கூட விடாதே. கீழே போன பிறகு நட."

அதுதான் இந்த வேலையின் முறை. மேலே வந்தால் ஒரு பத்து விநாடி மிதந்து, கன்னத்தில் அடைத்த இரையைச் சப்பும். முங்கினால் அரை நிமிடமாவது கீழே நிற்கும். அந்த நேரத்துக்குள் நாலு அடி நகரலாம், அவ்வளவுதான். ஃபிளாஷ் கூடவே கூடாது. சைலன்ட் ஷட்டர், வேகம் விநாடியில் ஆயிரத்தில் ஒன்று, ஐஎஸ்ஓ கூடிப் படத்தில் புள்ளி விழுந்தாலும் விழட்டும். குமிழி கிளம்பும் பக்கம் லென்ஸைத் திருப்பி வைத்துக் காத்திருக்க வேண்டும்.

அது பெண் என்று மார்கரெட் சொன்னார். சொண்டின் இடப்பக்கத்தில் அவளுக்கு ஒரு வெள்ளைத் தழும்பு. அதை வைத்து அடையாளம் காணப் பழகினேன். விடியவே எழும்பி ஓடுகிறேன் என்று என் மனைவிக்கு ஒரே நக்கல். "உங்கட சின்னவீட்டுக்காரி இண்டைக்கு வந்தவளோ?" என்பாள்.

செப்ரெம்பரில் ஒரு காலை, வாலைச் சுருட்டி அதற்குள் ஈர இலைகளை இறுக்கிக்கொண்டு அவள் கரையோரப் பொந்துக்குப் போனாள். முட்டையிடப் படுக்கை போடுகிறாள். மூன்று ஃபிரேம் எடுத்தேன், மூன்றும் ஷார்ப். சனம் இப்போது கேட்கிற படம் அதில் ஒன்று. மார்கரெட் அதைப் பார்த்து அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது.

2. சாமிச் சாமான்

அதற்கு அடுத்த மாதம் எனக்குத் தெரிந்த சிவநேசன் அண்ணையின் மகள் அபிராமிக்குக் கலியாணம். படம் நான்தான். முடிந்த மூன்றாம் நாள் அண்ணை போன் எடுத்தார்.

"தம்பி, முளைப்பாலிகையும் மாலையளும் வீட்டில கிடக்கு. ஓடுற தண்ணியில விடவேணும். இஞ்ச எங்க கொண்டுபோய் விடுறது?"

"பின்வளவில தாட்டுவிடுங்கோவன் அண்ணை."

"சாமிச் சாமானைத் தாட்டுப்போட்டு அதுக்கு மேல நடக்கிறதோ? என்ன கதை கதைக்கிறீர்?"

அத்தோடு நான் போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. ஆல்பத்தின் கடைசிப் பக்கத்துக்கு நல்ல படம் ஒன்று அமையாமல் இருந்தது. ஓடையின் காலை வெளிச்சம் கண்ணுக்குள் வந்து நின்றது. "எனக்கு ஒரு இடம் தெரியும்" என்றேன். விசரன்!

மறுநாள் காலை வந்தார்கள். அபிராமி முளைப்பாலிகைச் சட்டியில் முளைத்த பயிரைத் தண்ணீரில் விட்டாள், மாப்பிள்ளை இரண்டு மாலைகளையும் விட்டார். "இன்னும் கொஞ்சம் குனியுங்கோ, தண்ணியைப் பாருங்கோ" என்று சொன்னவனும் நான்தான். பூதானே, உக்கிப்போகும் என்று நினைத்தேன். இருபது வருடமாக மாலைகளை குளோஸப்பில் எடுத்தவன், அது எதில் கட்டியிருக்கிறது என்று ஒருநாளும் பார்க்கவில்லை.

3. ஒரே திரையில் இரண்டு படம்

இரண்டு கிழமை கழித்து அவளைப் பார்த்தபோது நீச்சல் சரியில்லை. ஒருபக்கம் சரிந்து, முன்காலால் கழுத்தைப் பிறாண்டினாள். என்னவென்று வியூஃபைண்டரில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெருப்பித்தேன். கழுத்து மயிருக்குள் ஒரு வளையம் இறுகியிருந்தது. ஊதாவும் பொன்னும் கலந்த ஜரிகை, அதற்குள் நைலோன் நூல்.

அந்த ஊதாவை எனக்குத் தெரியும். முதல்நாள் இரவு முழுக்க அபிராமியின் ஆல்பத்தில் அந்த நிறத்தைத்தான் சரிசெய்துகொண்டிருந்தேன். மாலைப் படம் பக்கத்து விண்டோவில் திறந்தபடியே இருந்தது. தண்ணீருக்குள் அந்தப் பிராணி கண்ணையும் காதையும் மூடிக்கொண்டு சொண்டால்தான் இரை தேடும். நூல் வளையம் அதன் கண்ணில் எங்கே படப்போகிறது?

சிவநேசன் அண்ணைக்குப் போன் எடுத்துக் கத்தினேன்.

"அண்ணை, நீங்கள் விட்ட மாலை அதின்ர கழுத்தில இறுகிக் கிடக்கு!"

"ஒரு எலி மாதிரிச் சாமானுக்கு ஏன் ஐசே இந்தத் துள்ளுத் துள்ளுறீர்?"

"எலியோ? அது பொந்துக்குள்ள குஞ்சு வச்சிருக்கு அண்ணை!"

"அப்ப ஏன் எங்களை அங்க கூட்டிக்கொண்டு போனனீர்? இடம் காட்டினது நீர்தானே?"

போனை வைத்துவிட்டேன். அவர் மேல் வந்த கோபம் ஒரு நாளில் ஆறிவிட்டது. என் மேல் வந்தது இன்னும் ஆறவில்லை.

காட்டுப் பிராணிகளைக் கையாள அனுமதி உள்ளவர்களை வைத்து அவளைப் பிடித்து நூலை வெட்டலாம் என்று மார்கரெட் ஓடித்திரிந்தார். அவர்கள் வலையோடு இரண்டு தரம் வந்தும் அவள் அகப்படவில்லை. ஐந்தாம் நாள், கரை மரத்து வேரில் செருகிக் கிடந்தாள். நூல் தோலை வெட்டி உள்ளே போயிருந்தது. பொந்துக்குள் குஞ்சுகள் இருந்திருக்கும். பால் கொடுக்க இனி யார்?

"இந்த இடம் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டார் மார்கரெட். நான்தான் காட்டினேன் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பதிவுக்குப் படம் வேண்டும், எடு" என்று மட்டும் சொன்னார்.

எடுத்தேன். பத்து விநாடிக்கு மேல் ஒருநாளும் எனக்கு நிற்காதவள், அன்றைக்கு நான் லென்ஸ் மாற்றி, ஸ்ராண்ட் வைத்து, ஃபோக்கஸ் பார்த்து முடிக்கும்வரை அப்படியே கிடந்தாள்.

4. கத்தரிக்கோல்

இடத்தை யாருக்கும் சொல்லாதீர்கள். படத்தில் லொக்கேஷன் பதிவாகாமல் பாருங்கள். உங்கள் ஒரு ஃபிரேமுக்காக ஆட்களைக் கூட்டிப் போகாதீர்கள். நான் படித்தது இவ்வளவுதான். படித்த விலைதான் பெரிது.

இப்போது என் கமரா பாக்கில் ஒரு கத்தரிக்கோல் கிடக்கிறது. போன மாதம் ஒரு கலியாணம் முடிந்ததும் பெண்ணின் தகப்பன் வந்தார். "சிவநேசன்ர மகளுக்கு எடுத்த அந்த ஓடை ஷொட் எங்களுக்கும் வேணும். மாலையை எங்க விடுவம்?"

மாலைகள் இரண்டையும் வாங்கி, அவர் முன்னாலேயே மேசையில் வைத்து வெட்டினேன்.

"ஐயோ, கலியாண மாலையை வெட்டுறதோ? அபசகுனம்!"

நூலையும் ஜரிகையையும் ஒன்றுவிடாமல் உருவி என் பொக்கற்றில் போட்டேன். பூவை அள்ளி அவர் கையில் கொடுத்தேன்.

"உங்கட வீட்டு ரோசாவுக்குப் போடுங்கோ. படம் அங்க வந்து எடுக்கிறன்."

மனுசனுக்கு முகம் கறுத்துப்போனது. கறுக்கட்டும்.