நிறுத்தத்தில் விழுந்த ஜால்ரா

மஞ்சூர் பக்கத்தில் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் மாரியம்மன் திருவிழா வந்துவிட்டால், தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டுக்காரர்களுக்கு ஒரே வெறிதான்: பஜனைப் போட்டியில் ஃபாக்டரி கோஷ்டியை ஜெயிக்க வேண்டும். எங்கள் கோஷ்டியில் பெரியம்மா பாட்டு, மாமா டோலக். நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த வருஷம்தான் முதன்முதலாக ஜால்ரா கிடைத்தது. அதுவும் மாமா வாதாடி வாங்கிக் கொடுத்தது.

“தம்பி, போட்டியில போயி புள்ளைய உக்கார வெக்காத. கெடுத்துப்போடுவா,” என்றாள் பெரியம்மா.

“அதெல்லாம் பாத்துக்கலாம், உடுங்கக்கா,” என்றார் மாமா.

சொதப்பினால் அடுத்த வருஷம் ஜால்ரா அத்தை மகன் கைக்குப் போய்விடும். அதற்காகவே அவன் முன்வரிசையில் இளித்துக்கொண்டு காத்திருந்தான், கடன்காரன்!

பாட்டு சூடு பிடித்தது. குளிர் எங்கே போனதென்றே தெரியவில்லை. நடுவில் ஓரிடத்தில் வாத்தியமெல்லாம் சட்டென்று நிற்க வேண்டும். பெரியம்மா மட்டும் நீளமாக இழுத்து அம்மனைக் கூப்பிடுவாள். எல்லாம் நின்றது. நான் மட்டும் வந்த வேகத்தில் ‘ஜிங்!’ என்று ஒன்று போட்டேன்.

ஐயோ, போச்சு!

அடுத்த நொடி மாமாவின் டோலக் ‘தும்’ என்று எனக்குப் பதில் சொன்னது. பெரியம்மா ஒரே இழுப்பாக இழுக்கும் “தாயே”யை இரண்டாக உடைத்து, நடுவில் இடம் விட்டாள். மாமா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அடித்தேன். ஜிங்! தும்! அடுத்த சுற்றில் கூட்டமே அந்த இடத்தில் கைதட்டியது. செல்போன்களெல்லாம் எங்கள் பக்கம் உயர்ந்தன. ஒத்திகையில் இல்லாத ஒரு பாட்டு எங்கள் கையில் பிறந்து ஓடிக்கொண்டிருந்தது!

ஜெயித்தோம். புதுத் தாளம் கண்டுபிடித்தவள் நானே என்று அத்தை மகனிடம் பீற்றிக்கொண்டேன். ஒரே ஒரு குறை, பாட்டு முடியும்வரை பெரியம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. பொறாமை என்று முடிவு கட்டினேன். அப்புறம் அவளே கொண்டுவந்து கொடுத்த சுண்டலைக்கூட உம்மென்றுதான் வாங்கினேன்.

இப்போது கோவையில் ஒரு ஆபீசில் எனக்குக் கீழே ஒரு டீம் இருக்கிறது. மீட்டிங்கில் ஒருவர் எதையாவது உளறிவிட்டால் போதும், எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பும். அப்புறம் அந்த மனிதர் வாயே திறப்பதில்லை.

அன்றைக்குப் பெரியம்மா ஒருமுறை திரும்பியிருந்தால் கூட்டமே என் பக்கம் திரும்பியிருக்கும். என் கையில் ஜால்ராவைத் தங்க வைத்தது அந்தத் திரும்பாத கழுத்துதான் என்று, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சுண்டல் தின்ற எனக்கு அப்போது தெரியவில்லை.