எண் முடியும்வரை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, ரெட்டியார்பாளையத்தில் என் வீட்டுக் குழாயைப் பழுதுபார்க்க வந்தவரோடு நான் வாதாடிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. மர்செலின் மேடத்தின் தம்பி பேசினார். "அக்கா போய்ட்டாங்க சார்" என்றார். அஞ்சலி போஸ்டருக்கு அச்சகத்தில் நான்தான் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, விவரங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஓரிடத்தில் அவருக்குக் குரல் உடைந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இங்கே கூடியிருக்கும், மேடத்தை அறிந்த உங்களுக்கு அவரது எண்ணும் பழக்கம் மறந்திருக்காது. கல்லூரி இயற்பியல் துறையில் எங்கள் இருவருக்கும் பல வருடங்கள் பக்கத்துப் பக்கத்து மேசை. அவர் பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். நான் வில்லியனூர்ப் பக்கம் கரும்பு போட்ட வீட்டுப் பிள்ளை. அவர் பேசுவதெல்லாம் நம் ஊர்த் தமிழ்தான். ஆனால் மாடிப்படி ஏறினால்கூட உதடு பிரெஞ்சில் எண்ணிக்கொண்டிருக்கும். ஒருமுறை கேட்டே விட்டேன். "சண்டை போடறதும் ஜெபம் பண்றதும் தமிழ்லதான் சார். எண்ணுறது மட்டும் இப்படி ஆயிடுச்சு" என்றார்.

ஓய்வு பெற்றபின் முதலியார்பேட்டையில் அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பிரபஞ்சம் விரியும் வேகத்தை அளக்க ஆரம்பித்தோம். கேட்டவர்கள் சிரித்தார்கள். விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்கள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக் கிடைக்கின்றன. அவற்றில் சீராக மங்கிப் பிரகாசிக்கும் விண்மீன்களைப் பார்த்தால், அவை இருக்கும் விண்மீன் மண்டலத்தின் தொலைவு தெரியும். தொலைவும் அது விலகும் வேகமும் சேர்ந்தால் விரிவின் அளவு ஓர் எண்ணாகக் கிடைக்கும். இப்படி விண்மீன்களை வைத்து அளந்தவர்கள் எழுபத்து மூன்று என்கிறார்கள். பிரபஞ்சத்தின் ஆதி ஒளியை வைத்துக் கணக்கிட்டவர்கள் அறுபத்தேழு என்கிறார்கள். யார் சரி என்று உலகமே தலையைப் பிய்த்துக்கொள்கிறது.

மேடம் அதையும் தன் வழியில் பார்த்தார். பிரெஞ்சில் எழுபதுக்குத் தனிச் சொல் கிடையாது. அறுபதும் பத்தும் என்பார்கள். எழுபத்து மூன்று என்றால் அறுபதும் பதின்மூன்றும், அதாவது 'சுவசாந்த் த்ரேஸ்'. "எங்க எண்ணிக்கையில ரெண்டுமே அறுபதுதான் சார். சண்டை எல்லாம் மிச்சத்துலதான்" என்று சிரிப்பார். அந்தச் சண்டை தீர்வதைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது அவருடைய பெரிய ஆசை. ஜெபத்தில்கூட அதைக் கேட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

இரண்டு வருட உழைப்புக்குப் பின் ஒவ்வொரு மண்டலத்துக்கும் கிடைத்த விடையை அவர் நோட்டிலிருந்து வாசிக்க, நான் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். சராசரி கிட்டத்தட்ட அறுபத்தேழு வந்தது. விண்மீன்களை வைத்து அளந்தும் அறுபத்தேழு! மேடம் எழுந்துபோய் மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார். நான் ஒரு படி மேலே போய், ஊர் அறிவியல் மன்றத்தில் அவர் பேசுவதாக அறிவித்து, தெரிந்த அத்தனை பேரையும் அழைத்துவிட்டேன்.

கூட்டத்தன்று காலை, கடைசியாக ஒருமுறை பட்டியலை வாசிக்கச் சொன்னார். "அறுபத்து மூணு" என்றேன். "எது அறுபத்து மூணு? என் நோட்டுல அப்படி ஒண்ணுமே இல்லையே" என்றார். அப்போதுதான் புரிந்தது. அவர் 'சுவசாந்த்', அதாவது அறுபது, என்றதுமே என் விரல் ஆறைத் தட்டிவிட்டிருக்கிறது. பின்னால் வந்த 'த்ரேஸ்', பதின்மூன்று, என் அரைகுறைக் காதில் 'த்ருவா', மூன்று, ஆகிவிட்டது. எழுபதுகளில் இருந்த மண்டலங்களையெல்லாம் அறுபதுகளுக்கு இறக்கியிருந்தேன். திருத்தியதும் விடை எழுபத்து மூன்றுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

எனக்கு வெட்கமாகிவிட்டது. உடம்பு சரியில்லை என்று சொல்லிக் கூட்டத்தை ரத்து செய்துவிடலாம் என்றேன். அவர் காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு, "எண் ஒத்துப்போகணும்னு ஆசைப்பட்டோம். ஒத்துப்போச்சு. அதான் யாரும் திரும்பிப் பாக்கல. மெழுகுவர்த்தி ஏத்தினது நான்தானே சார்" என்றார்.

மாலையில் மேடையேறி, சரியான விடையைச் சொல்வதற்கு முன் தவறைத்தான் சொன்னார். முன்வரிசையில் தலைகுனிந்திருந்த என் பெயரை அவர் எடுக்கவேயில்லை. "பிரெஞ்சுல சொன்னாங்க, தமிழ்ல கேட்டாங்க. தப்பு நடுவுல நடந்துச்சு" என்றார். அரங்கம் சிரித்தது. என் மானத்தைக் காப்பாற்றிவிட்டு, தன் ஆசையை விட்டுக்கொடுத்தவர் அவர். இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "இனிமே எண் முழுசா முடியட்டும், அப்புறம் எழுதுங்க" என்றார். அவர் என்னைக் கண்டித்தது அவ்வளவுதான்.

அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. அவர் பார்க்காமலே போய்விட்டார். அதை நினைத்தால் எனக்கு மனது ஆறவில்லை.

அந்தக் காலைக்கு வருகிறேன். பெயர், அடக்கத் திருப்பலி நேரம், கோயில் எல்லாம் சொல்லி முடித்த தம்பியிடம் வயதைக் கேட்டேன். அந்த வீட்டில் எல்லாரும் எண்ணுவது ஒரே மாதிரிதான். "சுவசாந்த்" என்றார். அதற்குமேல் அவரால் முடியவில்லை, அழுதார். குழாய்க்காரர் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கையில் பேனா இருந்தது, தாள் இருந்தது. நான் எதையும் எழுதவில்லை. வெகுநேரம் கழித்துத் தம்பி, "கேன்ஸ்" என்றார். பதினைந்து.

எழுபத்தைந்து என்று எழுதினேன், மேடம்.