தாய்மாமனின் ஹெலி

போன கிழமை சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டு நிற்கும்போது தொலைபேசி அடித்தது. எடுத்தால், நான் முன்பு வேலை செய்த விமானப்படையின் ஹெலிகொப்டர்ப் பிரிவு. இளங்குரல். மிக மரியாதையாகக் கேட்டான்: உலக நிலைமை இப்படி இருக்கிறது, ஆட்கள் போதவில்லை, திரும்பவும் ரிசேர்வில், பகுதிநேரப் படையாளாக, சேர விருப்பமா? எனக்கு நெஞ்சு ஒருக்கால் துள்ளியது, பொய் சொல்லவில்லை. பறக்கவா என்று கேட்டேன். இல்லை, திட்டமிடல் மேசையில் இருக்க என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு வெங்காயத்தைப் பார்த்துக் கத்தினேன்.

"ஏனப்பா கத்துறியள்?" என்றாள் மனைவி. "இவ்வளவு காலமும் அவையள் கூப்பிடேல்லை எண்டு கத்தினியள். இப்ப கூப்பிட்டிட்டினம் எண்டு கத்துறியள்."

சரிதான். ஆனால் உங்களுக்குச் சொன்னால் என் எரிச்சல் விளங்கும் என்று நினைக்கிறேன்.

நான் டென்மார்க் விமானப்படையில் மீட்பு ஹெலிகொப்டர் ஓட்டியவன். கப்பலில் ஒருவருக்கு நெஞ்சுவலி, கடலில் ஒரு படகு கவிழ்ந்துவிட்டது என்றால் போய், கயிற்றில் ஆளை இறக்கித் தூக்கிவருவதுதான் வேலை. இது நான் இப்போது குடியிருக்கும் ஹ்விடோவ்ரேயில் எங்களைச் சுற்றியிருக்கும் ஒரு தமிழருக்கும் தெரியாது. அவர்களுக்கு நான் 'பிளேன் ஓடுற தம்பி'. அந்தப் பெயரைப் பரப்பியவர் என் அம்மா.

ஹெலிகொப்டர் எரிபொருளுக்கு மண்ணெண்ணெய் மணம். எத்தனை தரம் தோய்த்தாலும் உடுப்பிலிருந்து போகாது. விடுமுறைக்கு ஹோர்சன்ஸில் அம்மா அப்பா வீட்டுக்குப் போனால் அம்மா என் சட்டையை மோந்து பார்த்து, "பங்கர் மணக்குது" என்பார். யாழ்ப்பாணத்தில் குண்டுக்குப் பயந்து ஒளியும் எங்கள் பங்கருக்குள் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு இருந்தது. ஹெலி மேலிருந்து சுடும் காலம். எங்களுக்குச் சத்தம் கேட்குமுன்னே அம்மாவுக்குக் கேட்டுவிடும். கைக்குழந்தையாக இருந்த தங்கச்சியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, மறு கையால் என்னை இழுத்துக்கொண்டு ஓடுவார். ஹோர்சன்ஸுக்கு வந்த பிறகும் வானத்தில் அந்தச் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அப்படிப்பட்ட மனுசியிடம் போய், படையில் என்னை ஹெலிக்குத் தெரிவுசெய்துவிட்டார்கள் என்று பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னேன் பாருங்கள், என்னை என்ன சொல்வது!

"ஹெலியோ?" என்றார் அம்மா.

"இஞ்சத்தை ஹெலி சுடாதப்பா, ஆக்களைத் தூக்கும்," என்றார் அப்பா.

"சத்தம் ஒண்டுதானே."

பிறகு ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை அப்பு. ஹெலியாலை பிள்ளையளைப் பறிகுடுத்த சனம் இஞ்சை எத்தினை இருக்குது. அதுகளின்ரை முகத்தைப் பாத்து என்ரை மோன் ஹெலி ஓடுறான் எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"  

ஆகவே நான் பிளேன் ஓடுற தம்பி ஆனேன். அதனால் வந்த வினையைக் கேளுங்கள். கலியாண வீட்டில் சோற்றில் கைவைக்கவிடாமல் ஒரு மாமா வந்து நிற்பார். "மருமோன், ரொறொன்ரோவுக்கு ஒரு டிக்கெட் குறைச்சு எடுத்துத் தரேலாதோ?" நான் கடலில் கயிறு விடுகிறவன், டிக்கெட்டுக்கு எங்கே போவேன்? சிரித்துச் சமாளித்தால், "பெரிய வேலை கிடைச்ச உடனை பெடியனுக்குத் தலைக்கனம்" என்று பேச்சு.

பிள்ளைகள் பிறந்த காலத்தில் படையின் ஒப்பந்தமும் முடிவுக்கு வந்தது. இனி என்ன செய்வது? பிரிவில் கோப்பி குடிக்கும் இடத்தில் எல்லோருக்கும் இதே கதைதான். படையிலேயே இருந்தால் பிள்ளைகளின் பிறந்தநாள்களைப் படத்தில்தான் பார்க்கலாம். பயணிகள் விமானத்துக்குப் போனால் நல்ல சம்பளம், ஆனால் பஸ் சாரதி வேலை. கடைசியில் பலரும் பிடிப்பது மூன்றாவது வழி: வெளியே பயணிகள் விமானம் ஓட்டிக்கொண்டு, ரிசேர்வில் மாதத்தில் சில நாள் படைக்கு வந்து பறப்பது. நானும் அதைத்தான் பிடித்தேன். மற்றவர்களுக்கு அது பொழுதுபோக்காக இருக்கலாம், எனக்கு உயிர் மாதிரி. ஹெலியில் இருக்கும்போதுதான் நான் ஏதோ உருப்படியாகச் செய்கிறேன் என்று தோன்றும்.

ஆனால் இரண்டு எசமான்களிடம் வேலை செய்து பார்த்திருக்கிறீர்களா? விசர் பிடிக்கும். நிறுவனம் அடுத்த மாதத்து வேலைநேரத்தைக் கடைசி நிமிடத்தில்தான் சொல்லும். படையோ மூன்று மாதத்துக்கு முன்பே தேதி கேட்கும். இங்கே பறந்தால் அங்கே பறக்க முன் ஓய்வெடுக்க வேண்டும். ஓய்வெடுத்தால் இரண்டு இடத்திலும் முகத்தைத் தூக்குவார்கள். மிஞ்சியது சனிக்கிழமை. சனிக்கிழமை யாருடையது? எங்கள் சனத்துடையது! கலியாணம், பிறந்தநாள், வீடு குடிபுகுதல், எல்லாம் சனிக்கிழமைதான். நான் வராவிட்டால் அம்மா, "லண்டனுக்குப் பிளேன் கொண்டுபோட்டான்" என்பார். "போன கிழமையும் லண்டன்தானே?" என்று யாராவது கேட்பார்கள். அம்மா பேச்சை மாற்றுவார்.

இருட்டில் கடலுக்கு மேல் கயிறு இறக்கும் பயிற்சியை வருடத்துக்கு ஒருமுறை செய்தே ஆகவேண்டும். செய்யாவிட்டால் ரிசேர்வில் பறக்க அனுமதி போய்விடும். அந்த வருடம் முதல் தேதிக்கு நிறுவனம் விடவில்லை. அடுத்த தேதியைக் காற்றுக் கெடுத்தது. மிஞ்சியது கடைசித் தேதி. பார்த்தால், அதே சனிக்கிழமை ரண்டர்ஸில் இருக்கும் தங்கச்சியின் மகளுக்குப் பூப்புச் சடங்கு, சாமத்தியவீடு. நான்தான் தாய்மாமன். தலைக்குத் தண்ணீர் வார்க்க வேண்டியவன்.

"வேறை சனிக்கிழமைக்கு மாத்தேலாதோ?" என்று பயிற்சி விசயத்தைச் சொல்லித் தங்கச்சியைக் கேட்டேன்.

"மண்டபம் போன வருசமே எடுத்தது அண்ணை. தாய்மாமன் வராட்டி அம்மா சனத்துக்கு என்ன சொல்லுறது? திரும்பவும் லண்டனோ?"

அந்த ஒரு வார்த்தையில் நான் மடங்கிவிட்டேன். அம்மா இன்னும் எத்தனை பொய் சொல்வார்? அவருக்குப் பிடிக்காத சத்தம், அவர் மறைத்துத் திரியும் வேலை. இத்தோடு அவருக்காவது நிம்மதி கிடைக்கட்டும் என்று நினைத்தேன். பிரிவுக்குத் தொலைபேசி எடுத்து, வரவில்லை, என்னை விட்டுவிடுங்கள் என்று சொன்னேன். வைத்துவிட்டுக் காருக்குள் இருந்து அழுதேன்.

மருமகள் பாவம். "நை, மோர்!" என்று தாயிடம் டேனிஷில் கடைசிவரை மாட்டேன் என்றாள். அவளுக்கும் பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை. இருவருமாகச் சேர்ந்து சடங்கை முடித்தோம். தண்ணீர் வார்த்துவிட்டு நனைந்த வேட்டியோடு ஒரு மூலையில் போய் இருந்தேன். அம்மா ஒரு தட்டில் வடையோடு வந்து பக்கத்தில் இருந்தார்.

"இண்டைக்கெல்லோ உன்ரை கடல் பயிற்சி?"

"ஆர் சொன்னது?"

"தங்கச்சி இப்பதான் சொன்னவள். ஏன் போகேல்லை? தண்ணி வாக்கச் உன்ரை சின்னம்மாவின்ரை மோன் நிக்கிறான்தானே."

"உங்களுக்குப் பிடிக்காதெண்டுதானேயம்மா விட்டனான். எல்லாத்தையும் விட்டிட்டன்."

அம்மா வடையைத் தட்டில் வைத்துவிட்டார். "எனக்குப் பிடிக்காதெண்டு ஆர் உனக்குச் சொன்னது? ஹெலி போனால் நான் இப்ப பல்கனிக்கு வந்து கை காட்டுறனான். நீயாக்கும் எண்டு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். இதை இத்தனை வருடத்தில் ஒருநாளாவது சொல்லக்கூடாதா? "அம்மா, நாங்கள் அந்தப் பக்கம் வாறதே குறைவு. அது ஆசுப்பத்திரி ஹெலி!"

"ஆரின்ரை எண்டால் என்ன? உள்ளுக்கை ஒரு தாய் பெத்த பிள்ளை இருக்கும்தானே," என்றார்.

அனுமதி போனது போனதுதான். மறுபடி எடுப்பதென்றால் முதலிலிருந்து பயிற்சி, அதற்கு என் வயதை அவர்கள் ஏற்கவில்லை. நேற்று, போன கிழமை கேட்ட அந்தப் பெடியனுக்குத் தொலைபேசி எடுத்து, மேசை வேலை வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டான். நேரமில்லை என்றேன்.

அம்மா இப்போது இல்லை. ஹோர்சன்ஸ் வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். போன மாதம் அந்தத் தெருவால் போகும்போது மேலே ஒரு ஹெலி தாழ்வாகப் போனது. காரை நிறுத்திவிட்டு அந்தப் பல்கனியைப் பார்த்தேன். ஒருவரும் வெளியே வரவில்லை.