ஒன்பதாம் வாரத்தில் எண்பத்து நான்கு சதவீதம்

பொன்னுலிங்கத்தின் வலது கை மவுஸைப் பிடித்திருந்தது. இடது கை, நர்ஸ் விக்டோரியா தாளில் எழுதிக் கொடுத்த மணிக்கணக்கின்மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தது. குளிப்பாட்டியது ஒன்றரை மணி. படுக்கையில் கால் பயிற்சி ஒரு மணி. புரட்டிப் படுக்கவைத்தது இத்தனை. ஒவ்வொன்றாக எக்செல் கட்டத்தில் ஏற்றினார். கடைசி எண்ணைத் தட்டியதும் திரையில் சிவப்புக் கோடு ஒரு நெல்மணி உயரம் ஏறி நீலக் கோட்டைத் தொட்டது. எண்பத்து நான்கு சதவீதம். திருப்தியாக நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

அடுத்த அறையில் அவருடைய அம்மா பகவதியம்மாள் ஏழு வாரமாகத் தரையில் கால் ஊன்றாமல் கிடந்தாள்.

பொன்னுலிங்கம் கொட்டாரம் ஊர்க்காரர். பாலிடெக்னிக் முடித்துவிட்டு இருபத்தாறு வருஷம் தோஹாவில் இருந்தார். செங்கல் தொட்டதில்லை, கம்பி வளைத்ததில்லை. அவருடையது பிளானிங் பிரிவு. ஒரு கட்டடத்துக்கு எந்த வாரம் எத்தனை ஆள், எத்தனை மணி என்று முன்கூட்டிப் போட்டால் அது நீலக் கோடு. உண்மையில் நடந்தது சிவப்புக் கோடு. முதலில் மெல்ல, நடுவில் விறுவிறுவென்று, கடைசியில் மறுபடி மெல்ல, எஸ் எழுத்துப்போல் நெளிந்து நூறைத் தொடும். 2012இல் ஊருக்குத் திரும்பியபோது வரைவதற்கு ஒன்றுமில்லாமல் மனிதர் மெலிந்துபோனார். மாடித் தொட்டி கழுவுவதற்குக்கூட ஒரு கோடு போட்டார். மகளுக்குப் பிரசவம் பார்க்க ஷார்ஜா போன மனைவி திரும்பி வரவே இல்லை. கோட்டுக்குப் பயந்துதான் என்று சொன்னவர்களும் உண்டு.

மறுவருஷம் பகவதியம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அறுவை நன்றாகவே முடிந்தது. பிசியோதெரபிஸ்ட் இரண்டு வாரம் வீட்டுக்கு வந்தார். அவர் ஒரு பக்கமும் விக்டோரியா ஒரு பக்கமும் பிடித்து நிற்க வைத்தார்கள். போகும்போது ஒரே ஒரு சங்கதி சொன்னார். தினம் இரண்டு தடவை, இரண்டு பக்கமும் ஆள் பிடித்து நிறுத்த வேண்டும். அறுவைக்குப் பின் மூன்று மாதத்துக்குள் கால் ஊன்றாவிட்டால் தொடைச்சதை வற்றிவிடும். அப்புறம் கட்டில்தான்.

பொன்னுலிங்கத்துக்கு உயிர் வந்தது. பன்னிரண்டு வாரம், ஒரு நோக்கம், இத்தனை ஆட்கள். தோஹாவிலிருந்து கொண்டுவந்த பழைய கோப்பைத் திறந்து, கட்டடத்தின் பெயரை அழித்துவிட்டு அம்மாவின் பெயரை அடித்தார். நாட்காட்டியை மாற்ற மறந்தார். அதில் வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை முழு வேலை. விக்டோரியா ஞாயிறு பூசைக்குத் தன் ஊரான இனயத்துக்குப் போய்விடுவாள். ஆகவே ஞாயிறுதோறும் சிவப்புக் கோடு பின்தங்கும்.

"நீ ஞாயித்துக்கிழமை போறது ஷெட்யூல பாதிக்குதம்மா" என்றார்.

"உங்க அம்மைக்கக் காலு அரபிக்காரனுக்கக் காலா சார், வெள்ளிக்கிழமை லீவெடுக்க?" என்றாள் விக்டோரியா.

அவள் வீட்டோடு தங்கிப் பார்க்கும் ஹோம் நர்ஸ். நாற்பத்தைந்து கிலோ இருப்பாள். பகவதியம்மாள் எண்பத்திரண்டு கிலோ. தனியாக நிறுத்தினால் இரண்டு பேரும் சேர்ந்து விழுவார்கள். அதைத் தெரிந்துவைத்திருப்பதுதான் அவள் படித்த படிப்பு.

"சார் ஒரு பக்கம் பிடிச்சா போதும்" என்று பிசியோதெரபிஸ்ட் வருவது நின்ற மறுநாளே கேட்டாள்.

"ரெண்டாவது ஆளு பாத்துக்கிட்டிருக்கேன். அடுத்த வாரம் ஆளு மொபிலைஸ் ஆயி வந்திரும்."

திட்டம் போடுகிறவன் ஆள் கணக்கில் வரமாட்டான். அது தொழில் தர்மம். கோப்பில் 'உதவியாளர் 2' என்று ஒரு வரி ஏற்கெனவே இருந்தது. ஆள் கிடைக்கவில்லை. வரி காலியாகக் கிடந்தால் சிவப்புக் கோடு படுத்துவிடும். பொன்னுலிங்கம் விக்டோரியாவின் மணிகளை நகலெடுத்து அந்த வரியிலும் ஒட்டினார். கோடு எழுந்து நடந்தது. சனிக்கிழமைதோறும் படத்தை மஸ்கட்டில் இருக்கும் தம்பிக்கு அனுப்பினார். தம்பியும் 'சூப்பர் அண்ணா' என்று பதில் போட்டு அம்மாவை மறந்தான்.

ஒன்பதாம் வாரம் பிசியோதெரபிஸ்ட் பார்க்க வந்தார். பொன்னுலிங்கம் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார்.

"எண்பத்து நாலு. பிசகே இல்ல."

வந்தவர் திரையைப் பார்க்கவில்லை. உள்ளே போய்ப் பகவதியம்மாளின் தொடையை அமுக்கினார். முழங்காலை நீட்டச் சொன்னார். கால் நடுங்கி, பாதி வழியில் விழுந்தது.

"எப்ப நின்னீங்க கடைசியா?"

"நீரு கடைசியா வந்த அன்னைக்கு."

"ரெண்டு பேரு பிடிக்கணும்னு சொன்னேன்லா. ரெண்டாவது ஆளு யாரு?"

பொன்னுலிங்கம் மடிக்கணினியோடு உள்ளே வந்தார். "உதவியாளர் ரெண்டுன்னு போட்டிருக்கு. பேரு இன்னும் போடல்ல."

"அதும் நான்தான் சார்" என்றாள் விக்டோரியா. "ஒண்ணும் நான், ரெண்டும் நான். கோடு நல்லாத்தான் நடக்கு. அம்மைதான் நடக்கல்ல."

"மூணு வாரம் மிச்சம் இருக்கு" என்றார் பிசியோதெரபிஸ்ட், பையை எடுத்துக்கொண்டு. "நாளைக்குத் தொடங்கினா எழும்பிருவாங்க. இல்லேன்னா இந்தக் கால மறந்திருங்க."

அவர் போனதும் பகவதியம்மாள் மகனைக் கூப்பிட்டாள்.

"ஏலே பொன்னு, அந்தக் கோடு மேல போயி முட்டினா என்ன ஆவும்?"

"வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம்மா."

"ஆருக்கு முடியும்?"

பொன்னுலிங்கம் மேஜைக்குத் திரும்பி வந்து 'உதவியாளர் 2' வரியில் இருந்ததையெல்லாம் அழித்துப் பார்த்தார். சிவப்புக் கோடு நீலத்தை விட்டுப் பிரிந்து நாற்பத்திரண்டுக்கு இறங்கியது. அது சனிக்கிழமை. தம்பிக்குப் படம் போகவில்லை.

மறுநாள் ஞாயிறு. விக்டோரியா பூசைக்குப் போகவில்லை. காலை ஆறரைக்குப் பகவதியம்மாளைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, தலை சுற்றாமலிருக்க ஐந்து நிமிஷம் விட்டு, இடுப்பைச் சுற்றித் துவர்த்துத் துண்டை முறுக்கிக் கட்டினாள். பிறகு வாசலைப் பார்த்தாள். பொன்னுலிங்கம் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றார்.

"சட்டையக் கழத்திட்டு வாங்க. இடது பக்கம். கக்கத்துல கையக் கொடுக்காதீங்க, தோளு எளகிரும். துவர்த்தப் பிடியுங்க."

முதல் தூக்கில் அம்மாவின் பாரம் முழுவதும் அவர்மேல் சாய்ந்தது. அவர் முழங்கால் கட்டில் சட்டத்தில் இடித்தது.

"மெல்லப் பிடிலே" என்றாள் பகவதியம்மாள். "நெல்லுச்சாக்கா எறக்குத?"

இரண்டாம் தடவை வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விக்டோரியா எண்ணத் தொடங்கினாள். பதினொன்றில் பகவதியம்மாளுக்குச் சிறுநீர் இறங்கி மகனின் காலடியில் ஓடியது. அவர் காலை எடுக்கப் பார்த்தார்.

"அனங்காதீங்க சார்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து இருபதுவரை எண்ணினாள். உட்கார வைத்தார்கள். பொன்னுலிங்கம் போய்த் துணியும் வாளியும் எடுத்துவந்து தரையைத் துடைத்தார். ஈரம் காய்ந்ததும் இன்னொரு தடவை நிறுத்தினார்கள். இருபத்தாறு எண்ண முடிந்தது.