பிளாக்கில் விரிசல் இல்லை

எஞ்சின் ஆயில் பார்க்கும் கம்பியை உருவி என் முகத்துக்கு நேரே நீட்டினார் மெக்கானிக். நுனியில் ஒட்டியிருந்தது ஆயில் மாதிரியே இல்லை. பால் அதிகமாகிவிட்ட காபி நிறத்தில், கொழகொழவென்று இருந்தது.

"பாருங்க மேடம், ஆயில்ல தண்ணி கலந்துடுச்சு. பிளாக் கேலா" என்றார். 'கேலா' என்றால் போய்விட்டது. பன்னிரண்டு வருடம் புனேயில் இருந்தும் என் மராத்தி காய்கறிக் கடையைத் தாண்டவில்லை என்றாலும் இந்தச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். குழாயில் தண்ணீர் நின்றால் நல் கேலா, மின்சாரம் நின்றால் லைட் கேலா, இப்போது பிளாக் கேலா.

கார் வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு காலத்தில் கறுப்பும் மஞ்சளுமாக பம்பாய் முழுக்க டாக்சியாக ஓடியதே, அந்தச் சிறிய கார். என்னுடையது டாக்சி அல்ல, வெளிர் நீலம். கட்கி கன்டோன்மென்ட் பக்கத்தில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தின் வண்டி. கணவர் இறந்தபின் ஓட்ட ஆளில்லாமல் இரண்டு வருடம் நின்றுபோனதால், ஓய்வுபெற்ற ஆசிரியையான அந்த அம்மாள் அதை எனக்கு விற்றார். கட்டி இழுத்துத்தான் பிம்ப்ரிக்குக் கொண்டுவந்தோம், இந்த மாடலுக்குப் பெயர்போன மெக்கானிக் அங்கேதான் இருந்தார். நான் அவரை 'தாதா' என்று கூப்பிடுவேன். தமிழில் அது ரவுடிக்கான பெயர், இங்கே அண்ணன். பாதி இந்தியும் பாதி மராத்தியுமாகப் பேசிக்கொள்வோம். நினைவிருப்பதைத் தமிழில் எழுதுகிறேன்.

சிலிண்டர்கள் அமைந்திருக்கும் இரும்புக் கட்டிதான் பிளாக். அதன் பக்கவாட்டில் ஒரு மெல்லிய கோட்டை அவர் விரலால் காட்டினார். துரு நிறத்தில், அரை சாண் நீளத்துக்கு ஓடியது. "இதுதான் கிராக். சூடா இருந்தப்ப யாரோ பச்சைத் தண்ணிய ஊத்தியிருக்காங்க. என் ஷெட்டுல இதே எஞ்சின் ஒண்ணு இருக்கு, ஓடுற கண்டிஷன்ல. இதை இறக்கிட்டு அதை ஏத்திடலாம். ஒரு வாரத்து வேலை."

நான் கோட்டின் மேல் நகத்தை வைத்துக் குறுக்கே இழுத்தேன். நகம் மேடேறி இறங்கியது, பள்ளத்தில் விழவில்லை.

சிஞ்ச்வட்டில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் அளவுச் சோதனை அறை என் பொறுப்பு. செய்து வரும் பாகங்களை அளந்து, தேறினால் பச்சைச் சீட்டு, தேறாவிட்டால் சிவப்புச் சீட்டு ஒட்டுவது என் வேலை. அதற்கு முன் கோயம்புத்தூரில் பம்ப்செட்டுக்கு வார்ப்பு போடும் பட்டறை ஒன்றில் இரண்டு வருடம் இருந்தேன். அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் இரும்பு லேசாகக் கசிந்து வரம்பு கட்டும். அதை அரைத்துவிட்டாலும் அடையாளம் நிற்கும். இந்தக் கோடு எனக்கு அந்த அடையாளமாகத்தான் பட்டது. விரிசல் ஒருபோதும் மேடாக இருக்காது.

"தாதா, ரெண்டு எஞ்சினையும் திறங்க. அளந்து பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றேன்.

அவர் சிரித்தார். "ஓடுற எஞ்சினை எதுக்கு மேடம் திறக்கணும்?"

"ஓடுதுன்னு நீங்க சொல்றீங்க. எவ்வளவு தேஞ்சிருக்குன்னு அதுவும் சொல்லணும் இல்லையா?"

தலையைச் சொறிந்துகொண்டே ஒப்புக்கொண்டார். நான் பிடிவாதம் பிடித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எஞ்சின் எண் பிளாக்கில்தான் பொறிக்கப்பட்டிருக்கும், ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதும் அதே எண். பிளாக்கை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டும்.

வீட்டில் என் கணவர் வேறு ஒரு யோசனை வைத்திருந்தார். ஹிஞ்சேவாடியில் மென்பொருள் வேலை அவருக்கு. தினமும் நெரிசலில் ஊர்ந்து வீடு திரும்புகிறவருக்கு எஞ்சின் என்றாலே ஒரு சலிப்பு.

"பேசாம அதைக் கழட்டிப்போட்டு எலக்ட்ரிக் மோட்டார் வெச்சுப்போடலாம். இப்பத்தான் கிட் எல்லாம் வருதே. ஆயிலும் இல்ல, புகையும் இல்ல."

"அதுக்குப் புதுக் காரே வாங்கியிருக்கலாமுங்க. நான் வாங்கினது எஞ்சினை. காரு அதைச் சுத்தி இருக்குது, அவ்வளவுதான்."

"இதை வாங்கறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்" என்றார். பிறகு சமையலறைக்குப் போய் எனக்கும் சேர்த்துத் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார்.

வண்டியின் பழைய கதை தெரிந்தால் உதவும் என்று கட்கி அம்மாளுக்குப் போன் செய்தேன்.

"ஆன்ட்டி, வண்டி எப்பவாவது சூடாகி நின்னிருக்கா?"

"நின்னுச்சும்மா, ரெண்டு தடவ. ஆனா பச்சைத் தண்ணி எல்லாம் ஊத்தல. இவர் ரொம்ப நிதானம், ஆறட்டும்னு ஓரமா உக்காந்திருப்பார். கூலன்ட் கீலன்ட் எல்லாம் எங்களுக்கு ஏது? ரோஜ் காலைல ஒரு லோட்டா நல் தண்ணி ஊத்துவார், அவ்ளோதான்."

"எஞ்சினையே மாத்த வேண்டி வந்தா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமா?"

"எனக்கென்னம்மா கஷ்டம்? நான் பேச்சுட்டேன், இப்ப அது உன் காடி. ஓடாத வண்டிய ரெண்டு வருஷம் பாத்தாச்சு. நீ ஓட்டு."

வண்டிக்கு 'காடி' என்பதுபோல, விற்றதற்கும் அவருக்கு வாயில் வந்தது இந்திச் சொல்தான், 'பேச்'. பேசிவிட்டேன் என்கிறாரோ என்று நினைத்து ஒரு நொடி குழம்பினேன். அந்தக் குழப்பத்தில், அவர் சொன்னதில் இருந்த முக்கியமான செய்தியைக் கோட்டை விட்டேன். தினமும் ஒரு லோட்டா குழாய்த் தண்ணீர் என்றாரே, அதை.

அடுத்த சனிக்கிழமை காலை என் சொந்த அளவுக் கருவிகளோடு ஷெட்டுக்குப் போனேன். இரண்டு எஞ்சின்களும் பிரிக்கப்பட்டு மரப்பலகை மேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. முதலில் தாதாவின் எஞ்சினில் ஆரம்பித்தேன். ஒவ்வொரு சிலிண்டரிலும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடங்களில், நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அளந்தேன். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது சிலிண்டருக்கு வரும்போதே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

அதை ஏற்கெனவே எத்தனையோ முறை கடைந்து பெரிதாக்கியிருந்தார்கள். அதற்குமேல் பெரிய பிஸ்டன் கிடையாது. கடைசி அளவையும் தாண்டித் தேய்ந்து, சிலிண்டர் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. ஓடும்தான், எத்தனை மாதம் என்பதுதான் கேள்வி.

பிறகு என்னுடையது. தேய்மானம் இருந்தது, இரண்டாவது சிலிண்டரில் நீளமாக ஒரு கீறலும் இருந்தது. ஆனால் ஒரே ஒரு முறைதான் கடைந்திருந்தார்கள். அடுத்த அளவுக்குக் கடைந்தால் கீறலும் போய்விடும்.

"அளவு சரி மேடம்" என்றார் தாதா. குரல் இறங்கியிருந்தது. "ஆனா கிராக்?"

"தண்ணில முக்கிப் பார்த்துடலாம்."

போசரியில் ஒரு மெஷின் ஷாப்பில் அதற்கென்றே தொட்டி இருந்தது. பிளாக்கில் தண்ணீர் ஓடும் வழிகளையெல்லாம் தகடும் ரப்பரும் வைத்து அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, வெந்நீரில் இறக்குவார்கள். விரிசல் இருந்தால் அந்த இடத்திலிருந்து குமிழி வரும். பிளாக் சங்கிலியில் தொங்கியபடி மெல்ல மூழ்கியது. முதலில் மேலே ஒட்டியிருந்த காற்று கொத்தாகக் கிளம்பி வந்தது. பிறகு அடங்கியது. நானும் தாதாவும் தொட்டியின் இரண்டு பக்கமும் குனிந்து நின்றோம். அவர் அந்தத் துருக்கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஐந்து நிமிடம் ஆனது, பத்து ஆனது. ஒரு குமிழி கூட வரவில்லை.

"நீங்க ஜெயிச்சுட்டீங்க" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பழைய எஞ்சினை அப்படியே முழுசாக மீட்டுவிடலாம் என்று அங்கேயே அறிவித்துவிட்டேன். அந்தத் தெம்பில், கூடவே கொண்டுவந்திருந்த ஹெட்டையும் ஒரு சம்பிரதாயத்துக்காகத் தொட்டியில் இறக்கச் சொன்னேன். ஹெட் என்பது பிளாக்கின் மேல் மூடிபோல உட்காரும் பாகம். இந்த எஞ்சினில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம்.

இறக்கிய மாத்திரத்தில் குமிழி வந்தது. ஓர் இடத்திலிருந்து அல்ல, மூன்று இடங்களிலிருந்து, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி.

வெளியே எடுத்துத் துடைத்துப் பார்த்தோம். தண்ணீர் வழிகளின் ஓரமெல்லாம் அரித்து, எலி கடித்த ரொட்டி போல இருந்தது. ஒரு பக்கம் யாரோ முன்பே வெல்டிங் வைத்து அடைத்திருந்தார்கள். அந்த வெல்டிங்கைச் சுற்றியும் அரிப்பு. அப்போதுதான் தினம் ஒரு லோட்டா குழாய்த் தண்ணீர் எனக்கு உறைத்தது. கூலன்ட் கலக்காத வெறும் தண்ணீர் வருடக்கணக்கில் அலுமினியத்தை அரித்திருக்கிறது. ஆயிலுக்குள் தண்ணீர் வந்த வழி இதுதான்.

"மறுபடியும் வெல்டிங் வெச்சு, மேல ஒரு தடவை கடைஞ்சு சமப்படுத்திட்டா போதுமே" என்றேன். முழுசாக மீட்பேன் என்று சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சொன்ன வாயைத் திருப்ப மனம் வரவில்லை.

தாதா ஹெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேடம், ஒண்ணு கேக்கறேன். உங்க கம்பெனிக்கு இந்தப் பீஸ் வந்தா பாஸ் பண்ணுவீங்களா?"

வெல்டிங்கின் பக்கத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். அலுமினியம் பொடியாக உதிர்ந்து கையில் ஒட்டியது.

"மாட்டேன்" என்றேன்.

"அப்ப விடுங்க. என் எஞ்சினோட ஹெட் நல்லாத்தான் இருக்கும். வேணும்னா அதையும் முக்கிப் பாருங்க."

மறுநாள் முக்கிப் பார்த்தோம். குமிழி வரவில்லை. பரப்பு சமமாக இருக்கிறதா என்று நேர்க்கம்பி வைத்துப் பார்த்தேன், நூல் பிடித்த மாதிரி இருந்தது. இப்படியாக என் பிளாக், அவர் ஹெட் என்று முடிவானது. நான் சொன்னதில் பாதி நின்றது, அவர் சொன்னதில் பாதி நின்றது. எனக்கு அதில் குறை எதுவும் தோன்றவில்லை. அரித்த ஹெட்டை அன்றே பழைய அலுமினியத்தோடு சேர்த்து உருக்கப் போடச் சொல்லிவிட்டேன்.

சிலிண்டர் கடைந்து, புது பிஸ்டன் போட்டு, எல்லாம் கூடிவர ஆறு வாரம் பிடித்தது. ஹெட் போல்ட்டுகளை முறுக்கும் வேலையை தாதா எனக்கே விட்டார். நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக முறுக்கினேன். அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் சாக்பீஸால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். ஸ்டார்ட் செய்த அன்று முதல் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. தாதா பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகை அரைச் சுற்று திருப்பினார், சத்தம் சீரானது. இருவரும் கையைத் துடைக்காமலே கை குலுக்கிக்கொண்டோம்.

பிம்ப்ரியிலிருந்து சிஞ்ச்வட் வீட்டுக்கு நானே ஓட்டிவந்தேன். புது பிஸ்டன் பழகும்வரை மெதுவாகத்தான் போக வேண்டும் என்பதால் பஸ்காரர்கள் எல்லாரும் ஹாரன் அடித்துத் தாண்டிப் போனார்கள். எங்கள் அடுக்ககச் சொசைட்டி வாசலில் செக்யூரிட்டிக்காரர் சலாம் வைத்தார், எனக்கா வண்டிக்கா என்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு காலை என் கணவர் சாவியைக் கேட்டார். இந்தக் காரில் கியர் தரையில் இருக்காது, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு தண்டாக நீட்டிக்கொண்டிருக்கும். அவர் முதல் கியர் என்று நினைத்து ரிவர்ஸைப் போட்டுவிட்டார். வண்டி பின்னால் துள்ளி நின்றது.

"இது என்ன, கியர் போடற பக்கமே வேற மாதிரி இருக்குது?"

"உங்க பக்கம் இழுத்து, கீழ தள்ளுங்க. அவசரப்படாதீங்க."

இரண்டு முறை எஞ்சின் அணைந்து நின்றது. மூன்றாவது முறை வண்டி நகர்ந்தது. கட்டிடங்களைச் சுற்றி ஒரு வட்டம் போனோம். கிளப் ஹவுஸ் பக்கம் வந்தபோது இரண்டாவது கியர் சத்தமில்லாமல் விழுந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ரோட்டைப் பாருங்க" என்றேன்.

"பாத்துட்டுத்தான் இருக்கேன்" என்று சொல்லி, வீட்டுப் பக்கம் திரும்பாமல் கேட்டை நோக்கி ஓட்டினார்.